சார்ஜென்ட் தூங்கவில்லை

ஓணான் சாப்பிடாமல் கிடந்ததுகூடப் பெரிதில்லை. அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் எல்லாம் தெரிந்த மாதிரி பேசியதுதான் ஆர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓணான் அவளுடையதும் அல்ல. மகன் கார்ட்டருடையது. கழுத்தடியில் முள்முள்ளாகத் தாடி வைத்த வகை. பயமோ கோபமோ வந்தால் அந்தத் தாடி கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதற்கு சார்ஜென்ட் என்று பெயர் வைத்து, கண்ணாடித் தொட்டி, சூட்டு விளக்கு சகிதம் அம்மா தலையில் கட்டிவிட்டு அவன் வர்ஜீனியாவுக்குக் கடற்படையில் சேரப் போய்விட்டான். பள்ளிச் சமையலறையில் ஒரு பட்டாளத்துக்குப் பரிமாறிவிட்டு வந்து, மறுபடி ஓணானுக்குக் கீரை நறுக்க வேண்டுமா என்று ஆர்லீன் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே நறுக்கினாள். அது தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்து கபக்கென்று வாங்கிக்கொள்ளும். சில வாரங்களில் முணுமுணுப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஜனவரியில் அது சாப்பாட்டை நிறுத்தியது. கீரை வேண்டாம், கரப்பான் வேண்டாம். அவள் கணவன் வெர்னன், உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்கத் தூண்டில் இரையாக ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் மெழுகுப் புழு வைத்திருப்பான். அதில் ஒன்றை எடுத்து நீட்டினாள். சார்ஜென்ட்டுக்கு அது மிட்டாய் மாதிரி. அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கார்ட்டரைக் கூப்பிட்டாள்.

"குளிர்காலத் தூக்கம்மா" என்றான் அவன். "எல்லா ஓணானும் இப்படித்தான். வெளிச்சத்தக் குறை, தொடாத, அப்படியே விட்டுடு."

"எங்கடா தூங்குது? பகல் பூரா மூலையில நின்னு கண்ணாடியப் பிராண்டுது. தூங்கறவன் ஏன் பிராண்டறான்?"

"உனக்கு இதெல்லாம் புதுசும்மா. விரல் நீளம் இருந்தப்பலேர்ந்து நான் வளக்கறேன். எங்க குரூப்லயும் கேட்டுட்டேன், எல்லாரும் அதான் சொல்றாங்க."

ஓணான் வளர்ப்பவர்களின் குரூப் அது. குளிர்காலத்தில் எந்த ஓணான் எதற்காகச் சாப்பிடாவிட்டாலும் அங்கே ஒரே பதில்தான்: தூங்கப் போகிறது, விட்டுவிடு. ஒருவர் வீட்டு ஓணானை இன்னொருவர் பார்த்ததில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

ஆர்லீன் பார்த்தாள். பட்டினி கிடக்கிற பிராணி இளைக்க வேண்டும்; இதன் வயிறோ இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வந்தது. தூக்கிப் பிடித்தபோது தோலுக்கு அடியில் கோலிக்குண்டுகள் மாதிரி விரலில் தட்டியது. கார்ட்டர் வயிற்றில் இருந்தபோது, வலி என்று போனவளை வாயுத் தொந்தரவு என்று திருப்பி அனுப்பிய டாக்டரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று மாலையே கார்ட்டர் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் பிறந்தான்.

மறுபடி கூப்பிட்டாள். "ஏண்டா, இது பொண்ணா இருக்குமோ? வயித்துல முட்டை இருக்கற மாதிரி இருக்குடா."

அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த நண்பர்களிடம் சொல்லி, அவர்களும் சிரிப்பது கேட்டது. "அம்மா! வாலத் தூக்கி நானே பாத்திருக்கேன். ஆம்பளதான். தனியா வளர்ற ஆம்பள ஓணான் எப்படிம்மா முட்டை போடும்? நீ அவன ரொம்பக் கொஞ்சற, அதான் தூங்க மாட்டேங்கறான்."

'கொஞ்சுகிறேனாம்' என்று அன்று முழுக்க அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷம் இவனுக்குச் சோறு போட்டதும் கொஞ்சல் கணக்கில்தான் சேர்ந்திருக்கும் போல.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், ஹாலில் தொட்டியைக் காணவில்லை. வெர்னன் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்ஜென்ட் எங்க?"

"கீழ. பேஸ்மென்ட்ல."

"அங்க ஐஸ் மாதிரி இருக்கும் வெர்னன்!"

"அதுக்குத்தான். கார்ட்டர் மெசேஜ் அனுப்பினான். குளிர் பட்டாத்தான் தூங்குமாம். வெளக்கையும் நிறுத்தச் சொன்னான், நிறுத்திட்டேன்."

"நான் இங்க இருக்கேன். தெனம் பாக்கறேன். என்னக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"அவன் ஓணான், அவன் சொல்றான். எனக்கென்ன வந்தது?"

அவள் பேஸ்மென்ட்டுக்கு ஓடினாள். இருட்டில் சார்ஜென்ட் தொட்டி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தாடி முழுக்கக் கறுப்பு. கைவைத்ததும் கண்ணைத் திறந்து பார்த்தது, நகரத் தெம்பில்லை. அப்படியே அள்ளித் தன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு மேலே வந்தாள். அந்தச் சில்லிப்பு உடம்பில் பட்டதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இது செத்துச்சுன்னா, உங்க ரெண்டு பேருக்கும் இந்த வீட்ல என் கையால ஒரு ரொட்டித்துண்டு கெடையாது" என்றாள். வெர்னன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். முப்பது வருஷ இல்லறத்தில் அது அவன் செய்த பெரிய மரியாதை.

பாம்பு, ஓணானெல்லாம் பார்க்கிற டாக்டரம்மா பக்கத்து ஊரில் இருந்தாள். வெர்னன் மீன் போட்டுவரும் குளிர்பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, அதன்மேல் சார்ஜென்ட்டைக் கிடத்தி, பனிக்காற்றில் ஓட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெருக்கமாக, திராட்சைக் குலை மாதிரி, வெள்ளை வெள்ளையாக முட்டைகள்.

"யாரு இத ஆம்பளன்னு சொன்னது?"

"என் பையன். வாலத் தூக்கிப் பாத்தானாம்."

"குட்டியில பாத்தா நிறையப் பேருக்குத் தப்பும். துணையில்லாமயே முட்டை உண்டாகும், கோழி மாதிரி. இது பள்ளம் தோண்டித்தான் போடும், தோண்ட இடம் இல்லன்னா உள்ளயே அடக்கிக்கிட்டுத் தவிக்கும். சூடா வச்சிருங்க, ஆழமா ஈர மணல் குடுங்க. ரெண்டு நாள்ல போடலைன்னா அறுவை செய்யணும். இந்த நெலமையில அதத் தாங்காது." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "இத்தன நாள் பிராண்டினத யாரும் பாக்கலையா?"

"நான் பாத்தேன்" என்றாள் ஆர்லீன்.

பனியில் மணலுக்கு எங்கே போவது? அவர்கள் இருக்கும் விஸ்கான்சின் பக்கம் பிக்கப் வைத்திருக்கிறவர்கள் குளிர்காலம் முழுக்க வண்டியின் பின்புறம் மணல் மூட்டை போட்டுவைப்பார்கள். பாரம் இல்லையென்றால் வண்டி பனியில் வழுக்கும். வெர்னனும் போட்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் ஆர்லீன் மூட்டைகளை இறக்கினாள். கல்லாக உறைந்திருந்தன.

"வண்டி வழுக்குமே ஆர்லீன்!" வெர்னன் வாசலில் நின்று கத்தினான்.

"வழுக்கட்டும். இந்த முனையப் பிடி."

பிடித்தான். குளியல் தொட்டியில் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, மூட்டையைக் கிழித்தார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான் போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துக் காலிசெய்து, இளகிய மணலை அதில் முழங்கை ஆழத்துக்கு அமுக்கி, மேலே சூட்டு விளக்கைக் கட்டினாள்.

சார்ஜென்ட் முதலில் அசையவில்லை. சூடு ஏற ஏற ஒரு கண் திறந்தது. பிறகு முன்னங்கால் மணலைத் தொட்டது. இத்தனை நாள் வெறும் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டிருந்த நகம் முதல்முறையாக ஒன்றைப் பிடித்தது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்த மாதிரி தோண்ட ஆரம்பித்தது. வால் மட்டும் தெரிகிற வரை உள்ளே போயிற்று. வெர்னன் எட்டிப் பார்க்க வந்தான்; ஆர்லீன் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளி, பெட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் அது வெளியே வந்தது. தோல் தொளதொளவென்று, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, மூக்கு நிறைய மணலோடு. வாயில் தண்ணீர் சொட்டவிட்டாள், குடித்தது. புழுவை நீட்டினாள். தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, கபக்கென்று வாங்கிக்கொண்டது. ஆர்லீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெர்னன் மணலைக் கிளறி முட்டைகளை எடுத்து, வரிசையாக வைத்துப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினான். உடனே ஆர்லீனின் போன் அடித்தது.

"அம்மா! சார்ஜென்ட் பொண்ணா? ஏம்மா, யாருமே எங்கிட்டச் சொல்லல?"

"நான் சொன்னேன் கார்ட்டர். நீ சிரிச்ச. உன் கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. அப்பறம் அதத் தூக்கிக் குளிர்ல போடச் சொன்ன."

"சரி சரி, அத விடும்மா, இப்ப நல்லாத்தான இருக்கு? நான் சொல்றதக் கவனமாக் கேளு. குரூப்ல போட்டிருக்கேன், எல்லாரும் ஆச்சரியப்படறாங்க. இனிமே நீ என்ன பண்ணனும்னா, மொதல்ல—"

ஆர்லீன் போனை வைத்துவிட்டாள். மகன் பேசும்போது பாதியில் அவள் வைத்ததே இல்லை.

"யாரு?" என்றான் வெர்னன்.

"யாரோ. சார்ஜென்ட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தன்" என்றாள். போன் மறுபடி அடித்தது. அவள் அடுத்த புழுவை எடுத்தாள்.