கட்டியவர் பெயர்

மகன் கிளமென்ட் காலேஜில் படிக்க சர்க்கார் கொடுத்த கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவன் அப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் வசூல் குமாஸ்தா வெள்ளைச்சாமி நோட்டீஸோடு பாலக்கரையில் லூர்துராணியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறிய மகனிடமிருந்து எட்டு வருஷமாக ஒரு கார்டு கூட இல்லை. அவள் அதைச் சொன்னதும் அந்த மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப ஒரு வழி இருக்கும்மா. ஏழு வருஷம் தகவலே இல்லேன்னா, கோர்ட்ல சொல்லி இறந்துட்டதா எழுதி வாங்கிடலாம். கடன் மொத்தமும் தள்ளுபடி ஆயிடும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். லூர்துராணிக்கோ அவரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல் இருந்தது. கல்லறைத் திருநாள் பூசைக்குச் செத்தவர் பெயர்களை எழுத வருஷா வருஷம் வரும் உபதேசியார், "கிளமென்ட் பேரு...?" என்று இழுப்பார். கணவர் பெயரை மட்டும் கொடுத்து அனுப்புவாள். மகன் பெயரைச் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் பூசைக்குத்தான் கொடுப்பாள், சுகத்தோடு திரும்பி வர.

உள்ளே போய், பள்ளிக்கூடத்து ஆயா வேலையில் அன்று வாங்கிய சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து நீட்டினாள்.

"மிச்சத்தை மாசாமாசம் கட்டிடறேங்க."

வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"கட்டினவர் பேரு... உங்க பேருதானேம்மா?"

"என் பேரு எதுக்குங்க?" என்றாள். "கிளமென்ட்னு எழுதுங்க. அவன் வந்து கட்டினதா இருக்கட்டும்."