குச்சி காட்டிய எழுநூற்றைம்பது

1

மடேர் என்று ஒரு சத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை வாசலில், காலி பால் கேனை ஒரு பெண் தரையில் அடித்து வைத்தாள். "களவாணிப் பேரோட ஊருக்குள்ள போனா எனக்கு எவன் பால் ஊத்துவான்?" என்று கேட்டாள். ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் அவளைக் கதையாக்கி, வெள்ளத்தாய் என்று பெயரும் வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: கூமாப்பட்டியில் பால் எடுத்து மினி லாரியில் கொண்டுவரும் வெள்ளத்தாய், மகளின் காலேஜ் பீஸுக்காக வழியில் ஒரு ஓட்டலில் ஐம்பது லிட்டரை இறக்கி—

[நிறுத்திவிட்டேன். அவளுக்கு மகளே கிடையாது. திருடக் காரணம் வேண்டுமே என்று நான் கொடுத்த பிள்ளை.]

திருட்டில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நாற்பது லிட்டர் கேனில் இருபது கேன் ஊற்றினேன் என்கிறாள், எண்ணூறு. வண்டியில் படுக்கைவாட்டில் கிடக்கும் உருளைத் தொட்டி. விட்டம் ஒரு மீட்டர், கொள்ளளவு ஆயிரம் லிட்டர். கடைக்காரர் கண்ணுச்சாமி இறக்கும் அளவுக்குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, கோட்டுக்கு நூறு லிட்டர். பால் நின்றது ஏழரைக் கோட்டில், அவர் கணக்கில் எழுநூற்றைம்பது.

"அம்பது லிட்டரு ஆவியாப் போச்சோ தாயி?"

"அம்புட்டையும் நான் குடிச்சிருந்தா வண்டி ஓட்டியிருப்பனா, அண்ணாச்சி?"

"நாளையிலேருந்து வேற வண்டி பாத்துக்கிடுதேன்."

3

பத்திரிகைக்கு அனுப்பும் முன் கணக்கைச் சரிபார்த்தேன். பை, ஆரத்தின் வர்க்கம், நீளம் மூன்றையும் பெருக்கினால் முழுத் தொட்டிக்குச் சரியாக வந்தது. முக்கால் உயரத்துக்கு முக்கால் பங்கு பால் என்று நானும் போட்டிருந்தேன். நிற்கிற உருளைக்கு அது சரி. கிடக்கிற உருளைக்கு வயிறு அகலம், முதுகு குறுகல். கட்டத்தாளில் வட்டம் வரைந்து, உச்சியிலிருந்து கால் பங்கு உயரத்துக்குள் விழும் கட்டங்களை எண்ணினேன். நூற்றுக்கு இருபதுகூடத் தேறவில்லை. அப்படியானால் அதற்குக் கீழே எண்பது. ஏழரைக் கோட்டில் நிற்பது எண்ணூறு லிட்டர்.

(பாதித் தொட்டிக்கும் முழுத் தொட்டிக்கும் அந்தக் குச்சி சரியாகவே சொல்லும். மழை பெய்து, புல் தழைத்து, பால் பாதிக்கு மேல் ஏறும் மாதங்களில்தான் குறைத்துக் காட்டும்.)

கண்ணுச்சாமி போட்ட அதே கணக்கைப் போட்டு, நானும் ஒருத்தியைத் திருடியாக்கியிருக்கிறேன்.

4

கட்டத்தாளை வெள்ளத்தாயிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுதிப் பார்த்தேன். வாங்க மாட்டேன் என்றாள்.

"இத வச்சு அவியகிட்ட நான் என்ன சார் சொல்ல? கடைக்குப் பின்னால ஒரு தண்ணிக் குழாய மட்டும் எழுதிக் குடுங்க. பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

எழுதிக் கொடுத்தேன். காலித் தொட்டியில், கண்ணுச்சாமி எண்ண எண்ண, அதே கேனால் இருபது கேன் தண்ணீர் ஊற்றினாள். அவரே குச்சியை இறக்கினார். ஏழரைக் கோடு. மறுபடி துடைத்து இறக்கினார். ஏழரைதான்.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். மற்றதில், வாயைத் திறக்காமல் குச்சியை மட்டும் மாற்றுகிறார். இரண்டையும் அவரே கெடுத்துவிட்டார். நான் பெயர்கூட யோசித்திராத ஓர் ஆளைக் கதைக்குள் இழுத்துவந்தார். வெள்ளத்தாய் அதற்கு என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். குச்சியைப் பிடித்தபடி அவர் கேட்டது இது:

"அப்ப, போன மழைக்குத் திருடன்னு நான் வெரட்டிவிட்டேனே டிரைவர் ஆண்டிச்சாமி, அவனும் எடுக்கலையா?"