கிரேன்காரன் சுட்ட கேக்

தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கேபினுக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவன் நான். அங்கே கை ஒரு விரல் அகலத்துக்கு மேல் அசையக் கூடாது. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்காது. அப்படித்தான் கேக் சுடத் தொடங்கினேன். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வெளுத்து நுரைக்கிற அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேறு நினைப்பே வராது. சுட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன முனிவரா? தின்றேன்.

வருடாந்திர மெடிக்கலில் டாக்டர் முதலில் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"சர்க்கரை ஏறியிருக்கு. மூணு மாசம் டைம் தர்றேன். குறையலைன்னா கேபினை மறந்துடுங்க."

கிரேனை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்காது.

மனைவி சொன்னாள் என்று சுடுவதையே நிறுத்தினேன். நாலு நாள் தாங்கினேன். அந்த நாலு நாளில் நல்ல குழாயைக் கழற்றி மாட்டி ஒழுக விட்டேன், அவள் அடுக்கி வைத்த அலமாரியை மறுபடி அடுக்கினேன், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து அவள் உயிரை எடுத்தேன். ஐந்தாம் நாள் அவளே மாவு டப்பாவை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"சாமி, நீங்க சுடுங்க. ஆனா திங்காதீங்க."

சொல்ல நல்லாத்தான் இருக்கிறது. பாதி அளவில் செய்து பார்த்தேன். அந்தப் பாதியை முழுசாகத் தின்றேன். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தேன்; காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கல்லாய்க் கிடந்ததைக் கடித்தேன். கடைசியில் ஒரே வழிதான் மிச்சம்: ஆறியதும் கேக் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

வெளியேறியதெல்லாம் விசில் அண்ணனிடம் போயிற்று. கீழே நின்று கைகாட்டி, விசில் ஊதி, என் பெட்டிக்கு வழி சொல்கிறவர் அவர். எனக்குத் தெரியாத மூலையை அவர் கண் பார்க்கும். அவர் தலைக்கு மேல் தொங்குவது என் கையில் இருக்கும். எங்கள் சரக்கு யார்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏணியில் கால் வைப்பதற்கு முன் ஆபரேட்டர் எதைக் கொடுத்தாலும் கீழே நிற்கிறவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வேலை ஒட்டாதாம்.

மெடிக்கல் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு கேக் என்றிருந்தது தினம் ஒன்று என்றாயிற்று. அண்ணன் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார். "நேத்தைவிட இன்னைக்கு மெத்துன்னு இருக்குடா" என்பார். வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றால், "வீட்ல யாரு இருக்கா, நானும் ரேடியோவும்தான்" என்று அங்கேயே தின்று முடிப்பார். எனக்கு அப்பாடா என்றிருக்கும்.

அப்போதெல்லாம் அவர் அடிக்கடி ஒதுங்கப் போவார். பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் வாக்கிடாக்கியில் கத்துவேன்: "என்னண்ணே, குழாயைத் திறந்துவிட்டா மூடவே மாட்டீங்களா?"

மெடிக்கல் அன்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். எனக்குக் குறைந்திருந்தது. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வெளியே வந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னை ஸ்டோருக்கு மாத்துறாங்கடா. இனி யார்டுல நிக்கக் கூடாதாம்."

"ஏன்ணே?"

"சர்க்கரைதான். ரெண்டு வருஷமா இருக்கு. மாத்திரையில அடங்கிக் கிடந்துச்சு, இப்ப எகிறிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சேவா தின்னீங்க? உங்களுக்குப் புத்தி இருக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கத்தாத. நான் சொன்னா நீ குடுக்க மாட்ட. குடுக்கலைன்னா நீயே திம்ப. தின்னா உன் கண்ணு மங்கும். மங்குனா பெட்டி யாரு தலையில விழும்?" என்று சிரித்தார். "அதான் நானே தின்னுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக என் வீட்டுச் சனியனை டப்பாவில் போட்டு மூடி இவர் கையில் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

"சரி விடு. இன்னைக்கு என்ன சுட்ட?"

"ஒண்ணும் சுடலண்ணே." என் பையிலிருந்து வெண்ணெய் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அதைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

அவர் பையைப் பார்த்தார். எழுந்து நின்று என் தோளைத் தட்டினார்.

"நாளைக்குக் கீழ புதுசா ஒருத்தன் வருவான். டப்பாவை நீட்டறதுக்கு முன்னாடி, உடம்புக்கு என்னன்னு அவனை ஒரு வார்த்தை கேளு."

பதினோரு வருடம் அவர் தலைக்கு மேல் இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். அவரை நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.