பம்பாயிலிருந்து துபாய்க்கு மூன்று மணி நேரம்

நைனா முகமது துபாயிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிய 1982 மாசி மாதத்திலிருந்து, யார் எதைச் சொன்னாலும் அது அவன் காதில் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. பம்பாய் விமான நிலையத்துக்கும் துபாய் விமான நிலையத்துக்கும் இடையே ஆயிரத்து இருநூறு மைல். விமானம் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதே மூன்று மணிதான். பெரம்பலூர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, காதில் குறை ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஊர் பழகிக்கொண்டது. முடிவெட்டுபவர் காலையில் கேட்டுவைத்துவிட்டு, மதியம் பதில் வந்ததும் கத்தரியை எடுத்தார்.

பழகாதவள் அவன் மனைவி ஹபீபா ஒருத்திதான். அவன் துபாய் போன இரண்டாம் வருசம் அவர்களுடைய நாலு வயது மகள் ரஹ்மத் காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி அடித்தும் அவன் வரவில்லை. அவனை அனுப்பிய திருச்சி ஏஜண்ட், "மூணு மணி நேரம்தாம்மா. நல்லது கெட்டதுன்னா ஒரு தந்தி குடுங்க, மறுநாளே கொண்டாந்து எறக்கிடுறேன்" என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் புருசன் வந்த அன்றே கொட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே இடியாப்பம் தின்றான். கோபம் மூன்று மணி நேரம் கழித்துக் கடைத்தெருவில் போய் இறங்க, மீன்காரி முன்னால் கெண்டையை நழுவவிட்டு அழுதானாம். அதைக் கேட்டு இவளுக்கு இன்னும் எரிந்தது. "திட்டுறதுக்கு எதுர்ல ஒரு மூஞ்சி வேணாமா?" என்று பால்காரி கொளஞ்சியம்மாளிடம் கத்தினாள்.

ஒரு திங்கட்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்து வந்தவனை உட்காரவைத்து, கலியாணமாகி முதல் தடவையாக 'நீ' போட்டுக் கேட்டாள்: "எம்புள்ளைய மண்ணுல வச்சப்ப நீ எங்க இருந்தே?" அடுப்பு மூட்டாமல் அவன் கையைப் பிடித்தபடி எதிரிலேயே இருந்தாள். ஒன்பது மணிக்கு அவன் முகம் மாறியது.

"தந்தி வந்துச்சு ஹபீபா. பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் பொட்டியில வச்சுப் பூட்டிட்டான். ஏஜண்டுக்கு மூணு கடுதாசி போட்டேன், பதிலே இல்ல. ஏர்போர்ட்டுக்கு நடந்தே போயி கம்பி வேலியோரம் நின்னேன். ஏழு பிளேன் போச்சு."

ஹபீபா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினாள். ஏஜண்ட் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தான். "வாங்கம்மா, மறுபடி விசாவா?" என்றான்.

அவள் சொன்னது அந்த ஆளுக்கு உடனே கேட்டது. "மூணு மணி நேரம்னியேடா! எம்புள்ள அத்தா அத்தான்னு நாலு நாள் கெடந்தா. நாலு நாளு!" மேஜையிலிருந்த தகர விமானத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள். ஏஜண்ட் வெளிறிப்போனான். விசாவுக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நைனா முகமது காதில் இன்னும் ஒன்றும் விழாமல் பக்கத்தில் நின்றான்.

திரும்பும் பஸ் கிடைக்கச் சாயங்காலமானது. பாடாலூர் தாண்டும்போது அவனுக்கு அது கேட்டது. சீட்டை விட்டு எழுந்து, முன்னால் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "ஆமாண்டா! நாலு நாளுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"யார பாய் திட்டுறாரு?" என்றார் கண்டக்டர்.

"திருச்சி ஆளத்தாங்க. இவரு இப்பத்தான் அங்க போய்ச் சேர்ந்திருக்காரு" என்றாள் ஹபீபா.

கண்டக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போனார். ஹபீபாவும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து திட்டினாள். பெரம்பலூர் வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

காது கடைசிவரை அப்படியேதான் இருந்தது. 84இல் பிறந்த மகள், பசிப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே அத்தாவைக் கூப்பிடப் பழகிக்கொண்டாள்.