எட்டாவது போல்ட்

அப்ப இந்த வாட்டி நான் வர வேண்டாங்களா டீச்சர், என்று வியாழக்கிழமை போனில் சற்குணம் சார் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது, கயிற்றில் தொங்கும் ஜீப்பின் கூரை என் கண்முன்னால் மெல்ல ஆட, அந்தக் குரலும் அதோடு சேர்ந்து ஆடுகிறது, வேண்டாம் சார், உங்க தோள்வலிக்கு இது ஆகாது, ஷெட்டு உத்தரத்துல கப்பி மாட்டிட்டேன், கையால சுத்துற வின்ச் ஒண்ணும் வாங்கிட்டேன், நானே தூக்கிடுவேன் என்று பெருமையாகத்தான் சொன்னேன், ஒரு கணக்கு டீச்சரின் பெருமை, மறுமுனையில் அவருடைய மகள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று, இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம், பிறகு, நல்லதுங்க, அப்ப சரிங்க, என்று வைத்துவிட்டார்.

பதினோரு வருடமாகிறது, துபாய்க்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற ஜீப், மழைக்காலத்துக்கு இந்தக் கெட்டிக் கூரை, வெயிலுக்குத் திறந்த வண்டி, மாசியில் கழற்றி வைகாசியில் பூட்ட வேண்டும், முதல் மாசியில் ஒற்றை ஆளாக இதோடு மல்லுக்கட்டி நிற்கிறேன், அண்ணன் அனுப்பிய பார்சலோடு அப்போது வால்பாறை போஸ்ட் மாஸ்டராக இருந்த சற்குணம் சாரே வாசலில் வந்து நிற்கிறார், பையைப் படியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் நான் பிடிக்கட்டுங்களா, என்கிறார், அவ்வளவுதான், அன்றிலிருந்து வலப்பக்கம் அவருடையது, இடப்பக்கம் என்னுடையது. ரிட்டையராகிப் பொள்ளாச்சிக்கு இறங்கிய பிறகும், மனைவி இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டு மாடிக்குப் போன பிறகும், மாசிக்கு ஒரு தடவை வைகாசிக்கு ஒரு தடவை, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி வருவார், வாயில் உப்பு நாரத்தங்காய்த் துண்டு, முகம் வெளிறியிருக்கும், இருபது நிமிஷ வேலைக்கு மூணு மணி நேரம் குமட்டணுமா சார் என்றால், வளைவை எண்ணிக்கிட்டே வந்தா ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர், எண்ணினீங்களா, பதினொண்ணு வரைக்கும் எண்ணினேங்க, அப்புறம் கண்ணைத் தொறக்கலைங்க. கூரைக்கு எட்டு போல்ட், கழற்றியதும் ஒரு பாட்டிலில் போட்டுவைப்போம், ஒவ்வொரு மாசியிலும் அவர் போன பிறகு பாட்டிலில் ஏழுதான் இருக்கும், எட்டாவது அவரோடு போயிருக்கும், வைகாசியில் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து, மறந்தாப்புல பையிலேயே தங்கிருச்சுங்க, என்று நீட்டுவார், தபால் ஆபீஸ்காரர் கிட்ட இருந்தா பத்திரமா வந்து சேராதா என்று நானும் கிண்டலாக வாங்கிக்கொள்வேன், என் பாட்டிலில் கிடந்த ஏழும் துருப்பிடித்திருக்க, அவர் கொண்டுவந்தது மட்டும் எண்ணெய் மினுங்கும், மறந்துபோன போல்ட்டுக்கு யார் எண்ணெய் போட்டது என்று நான் கேட்டதேயில்லை. கூரையைப் பூட்டியதும், மழைக்கு முன்னால எறங்கிடறேங்க என்று நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார், கேட்டில் நிற்பேன், ஒரு வார்த்தை தொண்டைவரை வந்து நிற்கும், பஸ் திரும்பியதும் உள்ளே இறங்கிவிடும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் மழை, ஓட்டில் கொட்டும் சத்தத்தில் ரேடியோகூடக் கேட்காது.

இன்று காலை பின்கண்ணாடி ஒயரைப் பிடுங்கினேன், முன் கொக்கி இரண்டையும் விடுவித்தேன், நாலு போல்ட்டைக் கழற்றிப் பாட்டிலில் போட்டேன், பட்டையைக் கட்டி வின்ச்சைச் சுற்றினேன், கூரை எழும்புவதற்குப் பதில் ஜீப்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது, பதறி இறக்கிவிட்டுப் பார்த்தால் வலப்பக்கத்து நாலும் அப்படியே இருக்கின்றன, பதினோரு வருடத்தில் நான் தொடாத பக்கம், என் கைக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஸ்பேனரோடு சுற்றிக்கொண்டு போய் அவர் நிற்கும் இடத்தில் முதல் தடவையாக நின்றேன், வேலைக்கு நடுவே சார் தலையை நிமிர்த்திப் பார்ப்பாரே, மலையைப் பார்க்கிறார், பொள்ளாச்சியில் கிடைக்காத மலை, ஆசை தீரப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன், அங்கிருந்து நிமிர்ந்தால் மலை தெரியவில்லை, ஷெட்டுச் சுவர் மறைக்கிறது, நேரெதிரே இருப்பது நான் நிற்கும் இடம் மட்டும்தான். பிறகு அவருடைய நாலையும் கழற்றினேன், கூரை வழுக்கிக்கொண்டு எழும்பியது, ஜீப்பை அடியிலிருந்து பின்னுக்கு ஓட்டி வெளியே நிறுத்திவிட்டு வந்தேன், எல்லாம் நான் கணக்குப் போட்டபடியே நடந்தது, பாட்டிலைக் குலுக்கி எண்ணினேன், எட்டு, மறுபடி எண்ணினேன், எட்டு, எதுவும் குறையவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஆட்டம் நிற்கிறது, இரண்டு சவுக்குக் கழிகளை உத்தரத்துக்கு உத்தரம் நுழைத்துக் கூரையை அதன்மேல் இறக்குகிறேன், பழைய போர்வையால் மூடுகிறேன், இனி அது அசையாது, அதன் அடியில் போய் நின்று பார்க்கிறேன், தாழ்வாக, கதகதப்பாக, இரண்டு பேர் நிற்கத் தாராளமாக இடமிருக்கிறது, போனை எடுக்கிறேன், சொல்லுங்க டீச்சர், டாப்பைக் கழட்டிட்டேன் சார், கையில கிய்யில அடி படலைங்களே, படல சார், எட்டு போல்ட்டும் இங்கயேதான் இருக்கு, அப்படிங்களா, என்கிறார் மெதுவாக, குக்கர் சத்தம்கூட இல்லை, தொண்டைவரை வந்தது இந்தத் தடவை இறங்கவில்லை, சார், வைகாசிக்கு வாங்க, கூரை பூட்ட ஆள் வேணும்னு கூப்பிடல, அத நானே பூட்டிடுவேன், நாலு மணி பஸ்ஸுக்கு மட்டும் கிளம்பாதீங்க, மழைக்கு என்கூட இங்கேயே இருங்க.