வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்

"ஏ ஊமைக்கோட்டான், மேடம் கூப்பிடுறாங்க!" என்று கருவி அறைக்காரர் கத்தினார்.

ஆய்வகத்தில் அரணை பிடிக்கும் வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில் மேடம் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டதே இல்லை. இன்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் ஊற்றிக் கொடுத்தார். கணினியில் ஆற்றின் வரைபடம். கிழக்குக் கரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், மேற்குக் கரை முழுக்க நீலம். இரு கரை அரணைகளும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். மரபணுவைப் பார்த்த பிறகே வேறு வேறு இனம் என்று தெரிந்தது.

"இதப் பாரு. நீலத்துக்கு நடுவுல ஒரு செவப்பு, செவப்புக்கு நடுவுல ஒரு நீலம். ரெண்டும் ஆத்தத் தாண்டியிருக்கு! நீ புடிச்சதுதான். கட்டுரையில உன் பேரையும் போடுறேன்."

"புள்ளப்பூச்சிக்குக் கொடுக்கு மொளச்சிருச்சுடோய்" என்று கருவி அறைக்காரர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். பிறகுதான் அந்த இரண்டு புள்ளிகளின் எண்களைப் பார்த்தாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு. டீயைக் கீழே வைத்தாள்.

அவை இரண்டையும் பிடித்த அன்று ஒரு துணிப்பை தையல் விட்டிருந்தது. கையில் மிச்சம் ஒரே பை. கிழக்கே பிடித்த அரணைக்குப் பிடிக்கும்போதே வால் அறுந்துவிட்டது. மேற்கே பிடித்ததற்கு முழு வால். அதுதான் அடையாளம் இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பாலத்தடியில் நின்ற வண்டிக்கு வந்தாள். எடை போடப் பையைப் பிரித்தால் இரண்டுக்குமே வால் இல்லை. உள்ளே ஒரு வால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு காயமும் பச்சை. பெரியது கிழக்காகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, மரபணுச் சோதனைக்கான சதைத் துணுக்குகளைக் குப்பிகளில் போட்டு எண் எழுதினாள். கரைக்கு ஒன்றாக விட்டுவிட்டும் வந்தாள்.

வாயைத் திறந்தால் இந்த நாற்காலி போய்விடும். அவள் வாடகை அறையில் நாள் முழுக்க ஒரு மனிதக் குரல் கேட்காது. வாரம் ஒருமுறை அக்கா போன் செய்து, "அரணை புடிக்கிறவளுக்கு எவன்டி மாப்பிள்ளையா வருவான்?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

நான்கு நாள் நாலு மணிக்கு மேடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஐந்தாம் நாள் மேடம், "நாளைக்குக் கட்டுரைய அனுப்பிடுறேன்" என்றார்.

"மேடம், அதுங்க ஆத்தத் தாண்டல. நான்தான் தாண்ட வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அரணையோட பொழங்கிப் பொழங்கி அரணைப் புத்தி வந்துருச்சா?" என்றார் கருவி அறைக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

"அஞ்சு நாளா இங்கதானே ஒக்காந்து டீ குடிச்ச?" என்று மட்டும் கேட்டார் மேடம். பிறகு இரண்டு புள்ளிகளையும் அழித்தார்.

"திரும்பப் புடிச்சு அதுங்க எடத்துலயே விட்டுறட்டுமா?"

"எப்படிக் கண்டுபிடிப்ப? நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதானே."

"அங்க இருக்குற மத்த அரணைங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும். வாசனையிலயே தெரிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டு மேடம் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு புதுப் பைகளைக் கொடுத்து அவளை மேற்குக் கரைக்கு அனுப்பினார்கள். பாறைகளின் மேல் இளவெயில். எது தனியாக இருக்கிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாமே தனித்தனியாகத்தான் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.