ஷாஹிதா பார்க்கக் கூடாத தலை

மலப்புறத்து மேட மாத வெயிலில் ஒருவர் கம்பளிக் குல்லாவோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், அவர் டாக்டர் ஷாஹிதாவைப் பார்க்கத்தான் போகிறார் என்று வாசலில் சோடா விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

அவளுடைய ஆராய்ச்சி அப்படி. பைக்கிலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டினால், மண்டை ஓட்டைத் திறந்து ரத்தத்தை எடுக்கிறார்கள். எடுத்த எலும்பை அப்போதே வைத்துத் தைப்பதா, மூளை வீங்க இடம் விட்டுச் சில மாதம் கழித்துப் பொருத்துவதா? எது நல்லது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். பிறகு வருகிறவரிடம் பேசி, எவ்வளவு தேறினார் என்று எட்டுக்கு மதிப்பெண் போடுவது ஷாஹிதா. யாருக்கு எந்த வைத்தியம் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குத்தான் எல்லோருக்கும் குல்லா. தன் மனசு அப்படியெல்லாம் சாயாது, விதியென்று ஒன்று இருப்பதால் மதிக்கிறோம் என்பது அவள் நினைப்பு. கொஞ்சம் கர்வம் பிடித்தவள்தான்.

அன்று வந்தவர் குஞ்ஞாலவி. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவர். அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவள் ஷாஹிதா.

"டாக்டரே, குல்லாவுக்குள்ள என் தலை தம் பிரியாணியா வேகுது."

"பொறுத்துக்குங்க இக்கா. ஆபரேஷனைப் பத்தி மட்டும் வாயே திறக்கக் கூடாது."

"என்னை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்!"

"ரெண்டாவது ஆள். நான் தினமும் சொல்றேன், கேட்டாத்தானே?" என்றாள் அவர் மனைவி சவுதா.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. முழுசாகத் தேறிவிட்டார் என்று டாக்டர் சொன்னால்தான் மைக் என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. மனுஷன் சாப்பாடுகூட இறங்காமல் வந்திருந்தார்.

கடைக்குத் தனியாகப் போகிறாரா, பஸ் ஏறுகிறாரா, எரிந்து விழுகிறாரா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில். கடைசிக் கேள்வி, பழைய வேலையைப் பழையபடி செய்ய முடியுமா என்பது.

"முடியும் மோளே, சத்தியமா முடியும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குள் இருந்த கால்பந்துப் பைத்தியம் விடவில்லை.

"ஒரு நிமிஷம் சொல்லிக் காட்டுங்களேன்."

தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்து எழுந்துவிட்டார் குஞ்ஞாலவி. "அதோ வாறான்யா நம்ம கானா நாட்டுக்காரன்! ஒருத்தனை ஏமாத்திட்டான், இன்னொருத்தன் மண்ணைக் கவ்விட்டான், கோல்கீப்பரே எங்கய்யா பாக்குறே, பந்து இங்க இருக்கு... கோஓஓல்!"

அடேயப்பா, அதே குரல்! ஷாஹிதா பேனாவை எடுத்தாள். எட்டு, சந்தேகமே இல்லை. அதற்குள் அவர் மைதானத்தில் செய்வதுபோலவே குல்லாவைக் கழற்றி மேலே வீசிவிட்டார்.

இடது பக்கம் கை வைத்தால் உள்ளே போகும்போல ஒரு பள்ளம். எலும்பு இன்னும் பொருத்தவில்லை.

சவுதா பாய்ந்து தன் முந்தானையால் அவர் தலையை மூடினாள். "டாக்டரே, நீங்க பாக்கல. நாங்க காட்டல. அவ்வளவுதான்."

யாருக்கும் தெரியப் போவதில்லை. ஷாஹிதா எழுதப் போனாள். பேனா நகரவில்லை. இவ்வளவு பெரிய பள்ளம், ஏதாவது ஒரு குறை இல்லாமலா இருக்கும், ஏழு போட்டால் என்ன என்று தோன்றியது. அதே ஆள், அதே குரல், நடுவில் ஒரு குல்லாதான் போயிருந்தது. சே, நானா இப்படி என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னால மார்க் போட முடியாது இக்கா. நான் பாத்துட்டேன்."

குஞ்ஞாலவியின் முகம் செத்துப் போயிற்று. "அப்போ நான் ஃபெயிலா?"

"நீங்க இல்ல. நான்."

இந்தத் தலையைப் பார்த்திராத டாக்டர் பிரதீஷைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். பந்துக்கும் தேங்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அவன். உள்ளே மறுபடி கேள்விகள், மறுபடி ஆட்டம். இந்தத் தடவை சவுதா இரண்டு கையாலும் குல்லாவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது கதவு இடுக்கில் தெரிந்தது.

பிரதீஷ் காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான்.

"எட்டு போட்டாச்சு. மனுஷன் கல்லு மாதிரி இருக்காரு. இதுல உனக்கு என்ன சந்தேகம் வந்துச்சு?"

ஏன் என்று அவனுக்குச் சொல்லக் கூடாது, அதுவும் விதி. நல்லவேளை, அப்படி ஒரு விதி இருந்தது.